பாதி தெரிந்தவர்களிடம் பழகும் முறை

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறியிருந்தவர்களைச் சந்தித்து இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் யார்? அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? 1973இல் வெளியான அவருடைய கட்டுரையில் அந்த விடைகள் இருக்கின்றன. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 100க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பவர்கள் 27.8 சதவீதம்.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. நம்மோடு தினமும் டீ குடிக்கிறவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். நமக்குத் தெரியாத செய்தி, நம் வட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு நம்மை லேசாகத் தெரிந்து வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேருடைய ஐந்தாண்டுத் தொடர்புகளை எடுத்து இதையே சோதித்தது. மிக நெருங்கியவர்களும் அதிகம் உதவவில்லை, மிகமிக லேசாகத் தெரிந்தவர்களும் அதிகம் உதவவில்லை. பொது நண்பர்கள் சிலர் இருக்கிற, ஆனால் நெருக்கம் இல்லாத நடுத்தரப் பழக்கம்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தது.

சமூக வலைத்தளம் என்பது இந்தப் பாதி தெரிந்தவர்கள் நிறைந்த இடம். தலைமைச் செயலகத்தில் சித்தப்பாவும் சாப்ட்வேர் நிறுவனத்தில் மாமாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். அரூரிலோ உசிலம்பட்டியிலோ ஜெயங்கொண்டத்திலோ, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு அப்படி அல்ல. படிப்பு முடிந்த அன்று யாரிடம் போய் என்ன கேட்பது என்றே அதற்குத் தெரியாது. சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லை. கீழே இருப்பவை பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. மற்றவர்களுக்கும் பயன்படும்.

செய்ய வேண்டியவை

பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு இதில்தான் முதல் சிக்கல். தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகின்றன. ஒருவர் இனிஷியலைக் கடைசியில் போடுகிறார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார். மின்னஞ்சலில் செல்லப் பெயரும் பிறந்த வருடமும் கலந்து கிடக்கும். சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலை எடுத்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். உங்களை ஒருமுறை பார்த்தவர் ஆறு மாதம் கழித்துத் தேடினால் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

என்ன செய்யத் தெரியும் என்பதைத் தலைப்பு வரியில் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே 220 எழுத்து அளவுக்கு ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. தேடலில் முதலில் தெரிவது அதுதான். அங்கே ‘வேலை தேடுகிறேன்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகிறது. ‘மெக்கானிக்கல் டிப்ளமா; கோவை பம்ப் தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி; சிஎன்சி லேத் புரோகிராமிங்’ என்று எழுதினால், அந்தத் துறையில் இருக்கிறவர் ஒரு கணம் நின்று படிப்பார். முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் போதும். ஸ்டூடியோவுக்குப் போகத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் வெறும் சுவருக்கு முன்னால் நின்று நண்பரை எடுக்கச் சொல்லுங்கள்.

புராஜெக்ட் பற்றி எழுதும்போது தலைப்பை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்த பகுதி எது, எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரே தலைப்பில் நூறு பேர் புராஜெக்ட் செய்திருப்பார்கள். சிக்கிய இடமும் தீர்த்த விதமும் உங்களுக்கு மட்டுமே உரியவை.

சொந்தக் கல்லூரியிலிருந்து தொடங்குங்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே படித்தவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பல மாணவர்கள் இந்தப் பகுதியைத் திறந்ததே இல்லை. ‘எங்க காலேஜுக்குப் பெரிய கம்பெனி எதுவும் வராது’ என்று வருந்துகிற பிள்ளைகள், அதே கல்லூரியில் பத்து வருடத்துக்கு முன் படித்தவர் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல நிலையில் இருப்பதை அங்கே பார்ப்பார்கள். அதே பஸ்ஸில் போய், அதே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். கிரானோவெட்டர் சொன்ன பாதி தெரிந்தவர்களுக்கு இவர்களைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

முதல் செய்தியை உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தினமும் வருகிற செய்தி இப்படித்தான் இருக்கும்: ‘சார், ஏதாவது வேகன்சி இருந்தா சொல்லுங்க.’ கூடவே ரெஸ்யூமே. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, எழுதியவரின் கஷ்டமும் உண்மை. ஆனால் பதில் சொல்ல வழியில்லாத செய்தி இது. என்ன வேலை, எந்த ஊர், என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் பதில் சொல்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட, ‘வேலை கொடுங்கள்’ என்ற கோரிக்கைக்கு அவரால் சொல்ல முடிந்தது ‘இல்லை’ ஒன்றுதான். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார். கல்யாண வீட்டில் முதல்முறை அறிமுகமாகும் பெரியவரிடம் கைகுலுக்கிய கையோடு யாரும் கடன் கேட்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று பேச்சு தொடங்கும். இங்கேயும் அதே முறைதான்.

வேலையைக் கேட்காமல் விவரத்தைக் கேளுங்கள். மாதிரிக்கு ஒன்று:

‘வணக்கம் மேடம். நீங்கள் படித்த கல்லூரியில் இந்த வருடம் எலக்ட்ரிக்கல் முடிக்கிறேன். நீங்கள் சோலார் டிசைன் பிரிவில் இருப்பதைப் பார்த்தேன். எங்கள் விடுதி மாடிக்கு 10 கிலோவாட் சோலார் அமைப்புக்குக் கணக்குப் போட்டதுதான் என் புராஜெக்ட். இந்தப் பிரிவில் சேர பிவிசிஸ்ட் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டுமா, ஆட்டோகேட் மட்டும் போதுமா? நேரம் இருக்கும்போது ஒரு வரி பதில் போதும். நன்றி.’

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. இருவருக்கும் பொதுவான ஒன்று, அவரைப் பற்றி உண்மையாகவே படித்ததற்கான அடையாளம், தன்னைப் பற்றி ஒரே வரி, அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பதில் வந்தால் அடுத்த கேள்வி கேட்கலாம். அந்த அம்மையார் தன் பிரிவில் ஆள் எடுக்கும்போது, பிவிசிஸ்ட் பற்றிக் கேட்ட பிள்ளையின் பெயர் அவர் நினைவுக்கு வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது. ரெஸ்யூமே அனுப்பிய முந்நூறு பேரில் ஒருவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

எந்த மொழியில் எழுதுவது என்று தயங்கிப் பலர் எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கிருந்தோ நகல் எடுத்த அலங்கார வாக்கியங்கள்தான் உறுத்தும். விளிப்பதற்கு, தெரியாதவரை ‘சார்’, ‘மேடம்’ என்பது பாதுகாப்பானது. இரண்டு மூன்று வருடம் முன்னால் அதே கல்லூரியில் படித்தவர் என்றால் ‘அண்ணா’, ‘அக்கா’ இயல்பாகவே இருக்கும். ‘பேர் சொல்லியே கூப்பிடுங்க’ என்று அவரே சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். முன்பின் தெரியாதவரை ‘ப்ரோ’ என்று தொடங்க வேண்டாம்.

பதில் சொன்னவருக்கு, பிறகு என்ன ஆனது என்று சொல்லுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. ஒருவர் நேரம் ஒதுக்கி ஆலோசனை சொல்கிறார். ‘தேங்க்யூ சார்’ என்று ஒரு பதில் போகிறது, அதோடு சரி. இரண்டு மாதம் கழித்து ‘நீங்கள் சொன்ன பயிற்சியை முடித்துவிட்டேன், இதுதான் நான் செய்த மாதிரி’ என்று எழுதுங்கள். அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தாலும் எழுதுங்கள். தன் சொல் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்போதுதான் ஒருவருக்கு அடுத்த முறையும் உதவத் தோன்றும்.

விட்டுப்போன பழக்கத்தைப் புதுப்பியுங்கள். டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களைப் பல வருடமாகப் பேசாமல் இருந்த பழைய தொடர்புகளோடு பேசச் சொன்னார்கள். நடப்பிலிருக்கும் தொடர்புகள் சொல்வதைவிட, அந்தப் பழையவர்களிடமிருந்து வந்த யோசனைகள் புதிதாக இருந்தன. பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, இடைப்பட்ட வருடங்களில் அவர்கள் பார்த்த உலகம் வேறு. பள்ளிக்கூடத்து பெஞ்ச் நண்பன், பாலிடெக்னிக் வாத்தியார், முதல் வேலையில் பக்கத்து மேஜையில் இருந்த அக்கா, இவர்களையெல்லாம் பேஸ்புக்கில் தேடி எடுக்கலாம். ஆனால் உதவி தேவைப்படும் நாளில் தேட வேண்டாம். எதுவும் தேவைப்படாத நாளில் ‘எப்படி இருக்கீங்க, உங்களை நினைச்சேன்’ என்று தொடங்குங்கள். வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெளியூருக்கு, வெளிநாட்டுக்குப் போனபின் நட்பு உலர்ந்துபோய், நாற்பது வயதில் பேச ஆளில்லாமல் இருக்கிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

சொந்த வாழ்க்கைத் தொடர்புகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த நாளுக்கு வாழ்த்துச் செய்தி போதும். சாவுக்குப் போதாது. குரூப்பில் நாற்பது பேர் போட்ட இரங்கல் செய்திக்குக் கீழே நாற்பத்தோராவதாகக் கைகூப்பும் படம் போடாமல், போன் செய்து இரண்டு நிமிடம் பேசுங்கள். தளங்கள் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும். துக்கம் கேட்பது நம் வேலை.

எந்தத் தொழிலுக்கு எந்தத் தளம் என்று பாருங்கள். எல்லோருக்கும் லிங்க்ட்இன் தேவையில்லை. மென்பொருள் எழுதுகிறவருக்கு கிட்ஹப் தளத்தில் அவர் போட்டு வைத்திருக்கும் நிரல்கள்தான் பேசும். பிளவுஸ் தைப்பவர், கேக் செய்பவர், மேக்கப் கலைஞர், போட்டோகிராபர் ஆகியோருக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்களின் படம், விலையோடு கேட்டலாக் வைக்கலாம். தெருக்கோடியில் முறுக்கு போட்டு விற்கும் அம்மாவுக்கும் இது பயன்படும். வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது, பெண்களுக்கு இது மிகவும் அவசியம்.

தொழிலைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். வெல்டிங், நெல் ரகம், ஜிஎஸ்டி கணக்கு, செவிலியர் பணி என்று உங்களுக்குத் தெரிந்ததை வாரத்துக்கு ஒன்றாகப் பத்து வரி எழுதினாலே போதும். ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் எழுதியதையே தமிழில் ஒருவர் தெளிவாக எழுதினால், அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் வந்து சேர்வார்கள்.

செய்யக்கூடாதவை

‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேட்க வந்ததையும் சேர்த்தே அனுப்புங்கள். தெரியாதவருக்குக் குரல் பதிவும் வேண்டாம், முன்கூட்டிக் கேட்காமல் வாட்ஸ்அப் அழைப்பும் வேண்டாம். நீலக்குறி வந்தும் பதில் இல்லை என்றால் பத்து நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் விட்டுவிடுங்கள். மனிதர்களுக்குப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் பெற்றோர் இருக்கிறார்கள். பதில் வராததற்கு உங்களோடு சம்பந்தமில்லாத நூறு காரணங்கள் இருக்கலாம்.

கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்த நிமிடத்தில் ஒருவருடைய எண் அதிலுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ‘நம்ம காலேஜ் குரூப்தானே’ என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறோம். அதில் எண்ணைப் பார்த்த யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ‘தூங்கலியா’ என்று ஒரு பெண்ணுக்குச் செய்தி அனுப்புகிறார். அந்தப் பெண் குரூப்பிலிருந்து விலகுகிறாள். அதோடு அந்தக் குரூப்பில் அவளுக்கு வரவேண்டிய வேலைச் செய்திகளும் நின்றுபோகின்றன. சேர்த்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் நஷ்டப்பட்டது அவள். தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2019 முதலே இருக்கிறது. பிரைவசி பகுதியில் குரூப்ஸ் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதை மாற்றிக்கொடுங்கள்.

அதேபோல, ‘அவர் நம்பர் குடுங்க’ என்று மூன்றாம் ஆள் கேட்டால் உடனே அனுப்பிவிடாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அறிமுகப்படுத்துகிறவருக்கு உரிய பொறுப்பு இது.

வேலைக்கான தளத்தில் ஒரு பெண்ணின் தோற்றத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் தன் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது என்று எழுதுவது பாராட்டு ஆகாது. இதனால் எத்தனையோ பெண்கள் படம் போடாமலும், வருகிற கோரிக்கைகளைப் பார்க்காமலும் இருக்கிறார்கள். பாதி தெரிந்தவர்களின் உலகம் ஆணுக்குத் திறந்தும் பெண்ணுக்கு மூடியும் போவது இப்படித்தான். தொல்லை வந்தால், பிளாக் செய்வதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அதுதான் ஆதாரம்.

படிக்காததைப் பகிராதீர்கள். நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை பேஸ்புக்கில் பகிர்ந்தார். முழுதாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி, பதிவை நீக்கி, மன்னிப்பும் கேட்டார். வழக்கு நின்றுவிடவில்லை. அதை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. சமூக வலைத்தளத்தைப் பயன்படுத்துகிறவர் அதன் விளைவை உணர்ந்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. குரூப் அட்மின்கள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் ஆறுதல் தருகிறது. குரூப்பில் வேறொருவர் போட்ட பதிவுக்கு, கூட்டுச் சேர்ந்து செய்ததாகக் காட்டாதவரை, அட்மின் மீது வழக்குத் தொடர முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் வரை போகாத விளைவுகளும் இருக்கின்றன. சாதிப் பெருமையையும் மதவெறுப்பையும் பகிர்ந்துகொண்டே இருக்கிறவரைத் தன் அலுவலகத்துக்குப் பரிந்துரைக்க யாருக்கும் மனம் வராது. வெளியே சொல்லவும் மாட்டார்கள், பெயரைக் கடந்து போய்விடுவார்கள்.

ஆவணங்களைப் படம் எடுத்துப் போடாதீர்கள். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நியமனக் கடிதத்தை அப்படியே போடுகிறார்கள். அதில் சம்பளம், முகவரி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துப் போலிக் கடிதம் தயாரிப்பது எளிது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், விமானச் சீட்டு எதையும் போட வேண்டாம். நம்மூர் ரெஸ்யூமேயில் அப்பா பெயர், பிறந்த தேதி, முழு முகவரி, சிலவற்றில் ஆதார் எண்கூட இருக்கும். எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கும் பிரதியில் இவற்றை நீக்கிவிடுங்கள். ஊர், மின்னஞ்சல் இரண்டும் போதும். அலுவலகத்தில் எடுக்கும் செல்பியில் பின்னால் இருக்கும் கணினித் திரையையும் வெள்ளைப் பலகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் நிறுவனத்தையோ விட்டுவந்த நிறுவனத்தையோ பொதுவில் திட்டாதீர்கள். உண்மையான அநியாயம் நடந்திருந்தால் அதற்குத் தொழிலாளர் துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போங்கள், பின்வாங்க வேண்டாம். நான் சொல்வது கோபம் வந்த இரவில் எழுதும் பதிவுகளைப் பற்றி.

ஐந்நூறைத் துரத்தாதீர்கள். லிங்க்ட்இன் 500 தொடர்புகளுக்கு மேல் போனால் ‘500+’ என்று மட்டும் காட்டும். அந்தக் கூட்டல் குறிக்காக முகம் தெரியாத எல்லோருக்கும் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் நம் பிள்ளைகள். பெயரைச் சொன்னால் ‘ஆமாம், தெரியும்’ என்று சொல்லக்கூடிய எண்பது பேர் அதைவிட மேல். எல்லாப் பதிவின் கீழும் இயந்திரம் எழுதிக்கொடுத்த பாராட்டை ஒட்டுவதும் வீண். படித்ததில் ஒரு வரியைப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள், எழுதியவர் திரும்பிப் பார்ப்பார்.

தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று போடாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

வேலைக்குப் பணம் கேட்டால் அடுத்த வரியைப் படிக்காதீர்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நல்ல நிறுவனம் கேட்பதில்லை. டெலிகிராமில் ‘வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்’ என்று தொடங்கி, முதலில் நூறு இருநூறு உண்மையிலேயே அனுப்பி நம்பவைத்து, பிறகு ‘பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டுங்கள்’ என்று லட்சக்கணக்கில் பிடுங்குகிறார்கள். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை வெளிநாட்டு வேலை மோசடி. தாய்லாந்தில் ஐடி வேலை என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன இந்திய இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரின் மியாவடி பகுதியில் அடைத்து, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்திய செய்தி 2022இல் வெளியே வந்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதே ஆண்டு வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கையும் வெளியிட்டது. வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், அந்த ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிய வேண்டாம், அதே மணி நேரத்தில் 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தெரிந்த நண்பரின் கணக்கிலிருந்தே ‘அவசரமாப் பணம் வேணும்’ என்று செய்தி வந்தாலும், போன் செய்து குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

வேலை கிடைத்ததும் காணாமல் போகாதீர்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே பக்கத்தைத் திறப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வேலை போகும் நாளில்தான் திரும்ப வருகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு வந்து கிடக்கும் செய்திகளையும் பாருங்கள். உங்கள் கல்லூரியிலிருந்தோ உங்கள் ஊரிலிருந்தோ ஒரு பிள்ளை ‘சார், வேகன்சி இருந்தா சொல்லுங்க’ என்று எழுதியிருக்கும். எப்படிக் கேட்பது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். உடனே வேலை வாங்கித் தர உங்களால் முடியாது, அதை நேராகச் சொல்லிவிடுங்கள். கூடவே இவ்வளவு எழுதலாம்: ‘தம்பி, இப்போ எங்க கம்பெனியில ஆள் எடுக்கல. எடுக்கும்போது இந்த இரண்டும் தெரியுமான்னு பார்ப்பாங்க. முதல்ல இதைக் கத்துக்கோ. உன் ரெஸ்யூமேயில புராஜெக்ட் பத்தி இன்னும் மூணு வரி சேர்த்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்றேன்.’